பரணில் தூங்கும் பெத்லகேம்! தென்காசி, குற்றாலத்தில் பழைய கிறிஸ்துமஸ் பொருட்களைத் தேடி ஓர் உலா

டிசம்பர் மாதக் குற்றாலம் வேறு குற்றாலம். ஜூன், ஜூலை சாரல் இருக்காது. வடகிழக்குப் பருவமழை நன்றாகப் பெய்தால் மெயின் அருவி செம்மண் நிறத்தில் இரைந்துகொண்டு இறங்கும். மழை ஏமாற்றினால் பாறையை நனைத்தபடி சன்னமாக வழியும். குளிக்க வருபவர்களில் பெரும்பாலானோர் கறுப்பு வேட்டி, நீல வேட்டி கட்டிய ஐயப்ப பக்தர்கள். செங்கோட்டை, ஆரியங்காவு வழியாகச் சபரிமலைக்குப் போகும் வேன்கள் வரிசை கட்டி நிற்கும். கடைகளில் நேந்திரங்காய் சிப்ஸ், அல்வா, குற்றாலத் துண்டு, தலைக்குத் தேய்க்கும் எண்ணெய், துளசிமணி மாலை.

அந்தக் கடை வரிசையில் ஒன்றிரண்டில் மட்டும் பிளாஸ்டிக் ஸ்டார்கள் தொங்கும். உள்ளே எல்இடி பல்பு, சுவிட்சைத் தட்டினால் ஏழு நிறத்தில் மின்னும். அங்கே போய் "பழைய ஸ்டார், பழைய குடில் பொம்மை ஏதாவது கிடைக்குமா அண்ணாச்சி?" என்று கேட்டால், கடைக்காரர் ஒரு நிமிடம் ஏற இறங்கப் பார்ப்பார். புதுசு இவ்வளவு தொங்கும்போது பழசு எதற்கு என்பது நியாயமான சந்தேகம்தான்.

அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இப்படிக் கேட்பவர்களுக்கென்றே ஒரு சந்தை இருக்கிறது. டிசம்பர் வந்தால் பழைய பொருள் கடைகளில் கூட்டம் கூட்டமாகத் தேடுவார்கள். 'ஷைனி பிரைட்' என்ற பெயரில் 1930-களின் இறுதியிலிருந்து விற்கப்பட்ட கண்ணாடி உருண்டைகளை அட்டைப்பெட்டியோடு கண்டுபிடித்தால் அன்று அவர்களுக்கு அதிர்ஷ்ட நாள். இரண்டாம் உலகப் போர் நேரத்தில் உலோகத்துக்குத் தட்டுப்பாடு வந்து, உருண்டையின் தலையில் தகர மூடிக்குப் பதில் காகித மூடி போட்டார்கள். அந்தக் காகித மூடி வைத்த உருண்டைக்குத் தனி மவுசு. ஒரு பொருளின் ஏழ்மையே பிற்காலத்தில் அதன் மதிப்பாகிவிடும் வேடிக்கை அது.

தென்காசியில் அப்படி ஒரு கடைத்தெரு கிடையாது. ஆனால் பழைய கிறிஸ்துமஸ் இங்கே இருக்கிறது. வேறு பெயர்களில், வேறு கடைகளில், பெரும்பாலும் கிலோ கணக்கில் இருக்கிறது.

வெள்ளைக்காரர் பங்களாவில் தேட வேண்டாம்

குற்றாலம் என்றதும் முதலில் தோன்றுவது வெள்ளைக்காரர் காலத்துப் பங்களாக்கள். கிழக்கிந்தியக் கம்பெனி இங்கே வாசனைப் பயிர்த் தோட்டம் போட்டது. தாவரவியல் ஆய்வாளர் ராபர்ட் வைட் 1830-களில் இந்த மலையில் செடி சேகரித்தார். திருவிதாங்கூர் மன்னர்களுக்கும் இங்கே அரண்மனை இருந்தது. அப்படியானால் பங்களாக்களின் பழைய அலமாரியில் கிறிஸ்துமஸ் சாமான்கள் இருக்குமே என்று நினைக்கலாம்.

அந்தக் கணக்கு அவ்வளவாகச் சரிவராது. துரைமார்கள் குற்றாலத்துக்கு வந்தது சமவெளியின் வெயிலுக்குத் தப்பித்து, சாரல் சீசனை அனுபவிக்க. டிசம்பரில் அவர்களுக்குப் பாளையங்கோட்டையிலும் மற்ற ஊர்களிலும் சர்ச், நண்பர்கள், விருந்து எல்லாம் இருந்தன. குற்றாலம் கிறிஸ்துமஸ் ஊராக இருந்ததில்லை.

கிறிஸ்துமஸ் இருந்தது கிராமங்களில். 1820-ல் பாளையங்கோட்டைக்கு வந்த ரேனியஸ் ஐயரும் அவருக்குப் பின் வந்த சி.எம்.எஸ். மிஷனரிகளும் நெல்லைச் சீமை முழுக்கச் சபைகளை உண்டாக்கினார்கள். இன்றைய தென்காசி மாவட்டத்தில் சுரண்டை, ஆலங்குளம் பக்கத்து நல்லூர் போன்றவை அந்தக் காலத்திலேயே மிஷன் ஊர்கள். 2019 நவம்பர் 22 அன்று தென்காசி தனி மாவட்டம் ஆகும் வரை இவையெல்லாம் திருநெல்வேலி மாவட்டம்தான். இங்கே கிறிஸ்துமஸ் கொண்டாடியவர்கள் வயல்வேலை பார்த்தவர்கள், பனையேறியவர்கள், பள்ளிக்கூட வாத்தியார்கள், இலங்கைக்குப் போய் உழைத்தவர்கள். அவர்கள் வீட்டில் ஜெர்மன் கண்ணாடி உருண்டை தொங்கியிருக்க வாய்ப்பு குறைவு. சவுக்குக் கிளையை வெட்டி வந்து மண் தொட்டியில் நட்டு, பஞ்சைப் பிய்த்துப் பனி என்று ஒட்டி, ஜிகினாத் தாளும் பலூனும் கட்டினால் அதுதான் மரம். மூங்கில் குச்சியைப் பிளந்து, கலர் பேப்பர் ஒட்டினால் ஸ்டார். பண்டிகை முடிந்ததும் சவுக்கு அடுப்புக்குப் போய்விடும். பேப்பர் கிழிந்துவிடும். குச்சி மட்டும் அடுத்த வருடத்துக்குப் பரணில் ஏறும்.

பிறகு என்னதான் மிச்சமிருக்கும்? உலோகம், காகிதம், மண். தேட வேண்டிய கடைகளும் மூன்று.

தராசில் ஏறும் பெட்ரோமாக்ஸ்

முதல் கடை பழைய இரும்புக் கடை. சென்னைக்காரர்களுக்குக் காயலான் கடை. காயல்பட்டினத்துக்காரர்கள் நடத்தியதால் வந்த பெயர் என்பார்கள். செங்கோட்டை தாண்டி மலைக்கு அந்தப் பக்கம் போனால் இதே கடை 'ஆக்ரிக்கடை' ஆகிவிடும். 1956 வரை செங்கோட்டையே முதலில் திருவிதாங்கூரிலும் பிறகு திருவிதாங்கூர்-கொச்சியிலும்தான் இருந்தது. 1904 முதல் செங்கோட்டைக்கும் கொல்லத்துக்கும் இடையே மலையைக் குடைந்து ரயில் ஓடுகிறது. ஆகவே கொல்லம் துறைமுகத்தில் இறங்கிய பொருள் தென்காசிச் சந்தைக்கு வருவது அந்தக் காலத்தில் பெரிய அதிசயம் இல்லை.

இந்தக் கடைகளில் தேடுபவர் கண்ணில் படவேண்டிய பொருள் பெட்ரோமாக்ஸ் விளக்கு. கரண்ட் வராத காலத்தில் கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவுகளில் கீத பவனி கிளம்பும். ஊர் வழக்கில் கேரல் ரவுண்ட்ஸ். முன்னால் ஒருவர் பெட்ரோமாக்ஸைத் தலையில் வைத்துக்கொண்டு நடப்பார். பின்னால் ஆர்மோனியப் பெட்டி, டோலக், ஜால்ரா, குளிருக்குத் தலையில் துண்டு கட்டிய பிள்ளைகள். விளக்கு எந்தத் தெருவில் திரும்புகிறது என்று பார்த்து அந்தத் தெரு வீடுகளில் கதவு திறக்கும். காபியும் முறுக்கும் முந்திரிக்கொத்தும் தயாராகும்.

பெர்லினில் இருந்த ஏரிஷ் அண்டு கிரேட்ஸ் நிறுவனம் 1910-களில் கொண்டுவந்த விளக்கு இது. அதன் மாக்ஸ் கிரேட்ஸ் என்பவரின் பெயர்தான் 'பெட்ரோமாக்ஸ்' என்பதில் பாதி. மண்ணெண்ணெயைக் காற்றழுத்தத்தில் ஆவியாக்கி, மேண்டில் என்ற வலைப்பையை வெள்ளை வெளேர் என்று ஒளிரச் செய்வது அதன் தந்திரம். பிற்பாடு எத்தனையோ கம்பெனிகள் அதைப் போலவே செய்தன. நம் ஊரில் எல்லாவற்றுக்கும் பெயர் பெட்ரோமாக்ஸ்தான். அசல் ஜெர்மன் விளக்கு என்றால் டேங்கிலோ மேல் மூடியிலோ ஊர்ப் பெயர் பொறித்திருக்கும்.

இதில் ஒரு சிக்கல். அதே விளக்கு கல்யாண ஊர்வலத்துக்கும் போயிருக்கும். கோயில் கொடைக்கும் வில்லுப்பாட்டுக்கும் போயிருக்கும். இழவு வீட்டிலும் விடிய விடிய எரிந்திருக்கும். வாடகைக்கு விடுபவர் ஊருக்கு ஒருவர் இருப்பார். விளக்குக்கு மதம் கிடையாது. அது பவனியில் போன விளக்கு என்பதற்கு ஒரே சாட்சி, அதை வைத்திருந்த வீட்டுக்காரரின் வாய்வார்த்தை. இரும்புக் கடையின் தராசில் ஏறிய நிமிடம் அந்தச் சாட்சி போய்விடுகிறது. பித்தளை இவ்வளவு, இரும்பு இவ்வளவு, கண்ணாடிக்குக் காசு கிடையாது. கணக்கு முடிந்தது.

ஆகவே இரும்புக் கடையில் பொருளைப் பார்த்ததும் முதலில் கேட்க வேண்டியது விலை இல்லை. "இது எந்த ஊர்லேருந்து வந்துச்சு அண்ணாச்சி?" என்று கேட்க வேண்டும். சொன்னால் அங்கேயே போனில் குறித்துக்கொள்ள வேண்டும். பாதிப் பொருட்களின் வரலாறு அந்த ஒரு வரியில்தான் இருக்கிறது.

பேர் வெட்டிய குத்துப்போணி

இரண்டாவது, பழைய பாத்திரக் கடை. தென்காசி காசி விஸ்வநாதர் கோயில் கோபுரத்தைக் குறிவைத்து நடந்தால் சுற்றியுள்ள தெருக்களில் பாத்திரக் கடைகள் வரும். முன்பக்கம் பளபளக்கும் எவர்சில்வர், குக்கர், கல்யாணச் சீர்வரிசை. பழசு எப்போதும் பின்பக்கம். பழைய பித்தளையைப் போட்டுவிட்டுப் புதுசு வாங்கிப் போகும் பழக்கம் எவர்சில்வர் வந்த நாளிலிருந்து இருக்கிறது. அப்படி வந்து விழுந்த அண்டா, குத்துப்போணி, தூக்குவாளி, தாம்பாளம் எல்லாம் உருக்குக்குப் போகக் காத்திருக்கும்.

நம் பாத்திரங்களுக்கு உலகத்தில் வேறு எங்கும் அதிகம் இல்லாத ஒரு நல்ல குணம் உண்டு. பேர் வெட்டியிருக்கும். உளி முனையால் புள்ளி புள்ளியாக அடித்த எழுத்து. கல்யாணச் சீர் என்றால் பெண்ணின் பெயர், சில சமயம் தகப்பனார் பெயரின் முதலெழுத்து, ஊர், தேதி. ஞானப்பழம், பாக்கியம், சாலமோன், தேவகிருபை என்று விளிம்பில் பெயர் ஓடினால் அது எந்த மாதிரி வீட்டிலிருந்து வந்தது என்று புரிந்துவிடும். டிசம்பர் தேதி இருந்தால் பண்டிகைப் பரிசாக இருக்கலாம். அதிரசமும் முறுக்கும் போட்டு அக்கம்பக்கத்து வீடுகளுக்குக் கொடுத்தனுப்பிய தூக்குவாளியாகவும் இருக்கலாம். பெரிய அண்டாவில் சபையின் பெயர் வெட்டியிருந்தால் அசனத்துக்குச் சோறு பொங்கிய அண்டா.

இந்த இடத்தில் தேடுபவருக்கு ஒரு தயக்கம் வரவேண்டும், வருவது நல்லது. சபையின் பெயர் வெட்டிய பாத்திரம் சபையாரின் பொதுச்சொத்து. அது முறைப்படி விற்கப்பட்டதா, எப்படியோ வெளியே வந்ததா என்று கடைக்காரருக்கே தெரியாமல் இருக்கலாம். ஊர் பெயர் தெரிந்தால் ஒரு போன் போட்டுக் கேட்டுவிட்டு வாங்குவதே மரியாதை. மணி, திருவிருந்துக் கிண்ணம் போன்ற ஆராதனைப் பொருட்கள் கண்ணில் பட்டால் கேட்காமல் தொடவே வேண்டாம்.

வாங்கிய பிறகு செய்யக் கூடாத ஒன்றும் இருக்கிறது. வீட்டுக்குக் கொண்டுபோனதும் புளியைப் போட்டுத் தேய்ப்பார்கள். அம்மாக்களின் கை சும்மா இருக்காது. பல வருடம் தேய்ந்து ஏற்கெனவே மங்கிய புள்ளி எழுத்துகள், இன்னும் நான்கு முறை தேய்த்தால் தடவிப் பார்த்தாலும் தெரியாது. ஈரத்துணியால் துடைத்தாலே போதும்.

எடைக்குப் போகும் குறவஞ்சி

மூன்றாவது, பழைய பேப்பர் கடை. உண்மையான புதையல் இங்கேதான் என்று அடித்துச் சொல்லலாம். தேடுபவர்கள் அதிகம் எட்டிப் பார்க்காத கடையும் இதுதான். தினசரித் தாள், பாடநூல், கல்யாணப் பத்திரிகை அடுக்குகளுக்கு நடுவே அட்டை கிழிந்த கீர்த்தனைப் புத்தகம் கிடக்கும். பாளையங்கோட்டை சர்ச் மிஷன் அச்சகம், நாகர்கோவில் லண்டன் மிஷன் அச்சகம் என்று தலைப்புப் பக்கத்தில் இருந்தால் உடனே எடுத்து ஓரமாக வைக்க வேண்டும். 19-ம் நூற்றாண்டிலேயே தொடங்கிய 'நற்போதகம்' மாத இதழின் பழைய டிசம்பர் இதழ்கள், ஞாயிறு பள்ளியில் கொடுத்த பரிசுப் புத்தகங்கள், கிறிஸ்துமஸ் நாடக நோட்டீஸ்கள் எல்லாம் இந்த ரகம்.

தென்காசியில் நின்றுகொண்டு தேடுவதற்கு மிகப் பொருத்தமான கிறிஸ்துமஸ் புத்தகம் ஒன்று உண்டு. தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் நடுவில் இருக்கிறது மேலகரம். திருக்குற்றாலக் குறவஞ்சி பாடிய திரிகூடராசப்பக் கவிராயரின் ஊர். குறிசொல்லும் குறத்தியும் மலைவளமும் கொண்ட அந்தக் குறவஞ்சி வடிவத்தை எடுத்துக்கொண்டு, 1800-ல் 'பெத்லகேம் குறவஞ்சி' எழுதினார் வேதநாயக சாஸ்திரியார். அவர் 1774-ல் திருநெல்வேலியில் பிறந்தவர். சிறுவனாக இருந்தபோது ஸ்வார்ட்ஸ் ஐயர் தஞ்சாவூருக்கு அழைத்துப் போனார். அங்கே சரபோஜி மன்னரும் அவரும் ஒன்றாகப் படித்தார்கள். குற்றாலநாதர் மீது காதல்கொண்ட வசந்தவல்லி இருந்த இடத்தில், பெத்லகேம் நாதர் மீது காதல்கொண்ட தேவமோகினி வந்தாள். கிரகங்கள் சூரியனைச் சுற்றும் வானவியலையும் சாஸ்திரியார் அதற்குள் வைத்துவிட்டார். பெத்லகேமுக்கு வழிகாட்டிய நட்சத்திரத்தை ஒரு குறவஞ்சிக்குள் கொண்டுவந்த நூல் அது. அதன் பழைய பதிப்பு ஒன்று குற்றாலத்துக்குப் பக்கத்திலேயே ஒரு பேப்பர் கடையில் கிடைத்தால்? அதைவிட இந்த ஊருக்குப் பொருத்தமான கிறிஸ்துமஸ் கண்டெடுப்பு இருக்க முடியாது.

இது ஒன்றும் நடக்காத கற்பனை இல்லை. காரைக்குடி பக்கத்துக் கோட்டையூரில் ரோஜா முத்தையா என்று ஒருவர் இருந்தார். விளம்பரப் பலகை எழுதும் ஓவியர். பழைய புத்தகங்களோடு நோட்டீஸ், பாட்டுப் புத்தகம், அழைப்பிதழ், கடிதம் என்று மற்றவர்கள் எடைக்குப் போடும் காகிதங்களையும் சேர்த்துவைத்தார். 1992-ல் அவர் இறந்தார். 1994-ல் சிகாகோ பல்கலைக்கழகம் முன்வந்து அந்தச் சேகரிப்பை வாங்கிக் காப்பாற்றியது. இன்று அது சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமாக நிற்கிறது. தமிழ் அச்சு வரலாற்றை எழுத வருபவர்கள் முதலில் கதவு தட்டும் இடம் அது.

பேப்பர் கடையில் கிடைக்கும் இன்னொரு நல்ல பொருள் சிவகாசிக் காலண்டர் படங்களும் வாழ்த்து அட்டைகளும். கோவில்பட்டி ஓவியர் கொண்டையராஜுவும் அவருடைய சீடர்களும் வரைந்த சாமி படங்கள் சிவகாசியில் அச்சாகித் தமிழ்நாட்டுச் சுவர்களையெல்லாம் நிறைத்தன. அதே சிவகாசியில்தான் வேளாங்கண்ணி மாதாவும் குழந்தை இயேசுவும் மாட்டுத்தொழுவமும் அச்சாயின. மேலும் கீழும் தகரப்பட்டை அடித்த அந்தக் காலண்டர்கள் இன்று அபூர்வம்.

பழசா, பழசு மாதிரி அடித்த புதுசா என்று பார்க்கச் சுலபமான வழிகள் உண்டு. போன் கேமராவை நன்றாக ஜூம் செய்து படத்தைப் பார்த்தால், ஆப்செட் அச்சில் சின்னச்சின்னப் புள்ளிகள் ஒழுங்காகப் பூப்போல் வட்டமாக அமர்ந்திருக்கும். கல் அச்சு என்ற பழைய லித்தோவில் நிறம் ஒழுங்கில்லாத மணல் தூவியது போலிருக்கும். இன்னொன்று, கள்ளநோட்டு பார்க்கும் புற ஊதா டார்ச். இருட்டில் அடித்தால் பிற்காலக் காகிதங்களில் பெரும்பாலானவை நீலவெள்ளையாகப் பளிச்சிடும். 1950-களுக்கு முந்தைய காகிதம் மங்கலாகவே இருக்கும். வெளுப்பாகத் தெரிவதற்காகச் சேர்க்கும் ரசாயனம் அந்தக் காலக்கட்டத்தில்தான் காகிதத்துக்கு வந்தது.

மண் பொம்மைக்குக் கடையே இல்லை

உலோகத்துக்கும் காகிதத்துக்கும் எடை உண்டு. மண்ணுக்கு அதுவும் கிடையாது. உடைந்த குடில் பொம்மையை எந்தக் கடையும் எடுக்காது. காது போன கழுதை, மூக்கு உதிர்ந்த ஆட்டுக்குட்டி, நிறம் மங்கிய மூன்று சாஸ்திரிகள் எல்லாம் நேரே குப்பைக்கு. மதுரை விளாச்சேரியில் கொலு பொம்மை செய்யும் அதே கைகள்தான் கிறிஸ்துமஸ் குடில் பொம்மைகளும் செய்கின்றன. பழைய விளாச்சேரி செட் ஒன்று முழுசாகக் கிடைத்தால், தசரதன் முகத்துச் சாயலில் யோசேப்பு இருப்பதைப் பார்க்கலாம். அதற்கு வீட்டுப் பரண்தான் வழி. பாட்டியிடம் கேட்டுத்தான் ஆகவேண்டும்.

காரைக்குடிக்கு ஒரு ரயில்

சரி, உலகம் முழுக்கத் தேடுகிறார்களே, அந்தக் கண்ணாடி உருண்டை? அது தமிழ்நாட்டில் இருக்கிறது. தென்காசியிலிருந்து ஒரே ரயிலில் போய்விடலாம். செங்கோட்டையிலிருந்து கிளம்பும் சிலம்பு எக்ஸ்பிரஸ் தென்காசி, ராஜபாளையம், சிவகாசி, விருதுநகர், மானாமதுரை வழியாகக் காரைக்குடி போகிறது. தினமும் கிடையாது. நாளும் நேரமும் பார்த்துக்கொண்டு கிளம்ப வேண்டும்.

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் வரிசையாகப் பழம்பொருள் கடைகள். செட்டிநாட்டு வீடுகள் பாகம் பிரிந்தபோதும் இடிந்தபோதும் வெளியே வந்த எனாமல் தூக்கு, பீங்கான் ஜாடி, பெல்ஜியம் கண்ணாடி, பிஸ்கட் டின், ரவிவர்மா படம், மரத்தூண் எல்லாம் அங்கே குவிந்திருக்கும். அந்தக் குவியலுக்கு மேலே தலையைத் தூக்கிப் பார்த்தால் நீலம், பச்சை, வெள்ளி, செம்பு நிறத்தில் கண்ணாடி உருண்டைகள் தொங்கலாம். செட்டிநாட்டு வீடுகளின் கூடத்திலும் பஜனை மடங்களிலும் விளக்குகளுக்கு நடுவே அலங்காரமாகத் தொங்கியவை அவை.

அவற்றின் பிறப்பிடங்களில் முக்கியமானது ஜெர்மனியின் லாஷா என்ற மலைக்கிராமம். 1597-ல் அங்கே கண்ணாடிச் சூளை தொடங்கியது. 1840-களில் கண்ணாடியில் பழம், கொட்டை வடிவங்களை ஊதிக் கிறிஸ்துமஸ் மரத்தில் கட்டத் தொடங்கினார்கள். கனமான உருண்டைகளுக்கு ஜெர்மன் மொழியில் 'கூகெல்'. உருண்டை என்றுதான் அர்த்தம். மரக்கிளை தாங்காத பெரிய உருண்டைகளை ஜன்னலிலும் கூரையிலும் கட்டினார்கள். 1880-ல் அமெரிக்க வியாபாரி வுல்வொர்த் இந்தக் கிறிஸ்துமஸ் கண்ணாடிகளை வாங்கித் தன் கடைகளில் விற்க ஆரம்பித்ததும் அந்தத் தொழில் கொடிகட்டிப் பறந்தது.

ஆக, ஐரோப்பாவில் கிறிஸ்துமஸ் உருண்டையின் தாத்தாவாகக் கொண்டாடப்படும் பொருள், தமிழ்நாட்டில் ராதா கல்யாணத்துக்கும் ராம நவமிக்கும் மேலே தொங்கி அழகு பார்த்தது. நல்லூரின் சவுக்குக் கிளைக்கு எட்டாத கண்ணாடி, பஜனை மடத்துக்கு எட்டியிருக்கிறது. அதைத் தொங்கவிட்டவர்களுக்கு அது கிறிஸ்துமஸ் பொருள் என்ற எண்ணமே இருந்திருக்காது.

வாங்கும்போது ஜாக்கிரதை. வெளிநாட்டுச் சந்தையில் கூகெலுக்குக் கிராக்கி வந்ததும், பழசு போலவே புதிதாகச் செய்து அனுப்புவதில் இந்தியாவும் பெயர் வாங்கிவிட்டது. பழசு கையில் எடுத்தால் எதிர்பார்த்ததைவிடக் கனக்கும். உள்ளே பூசிய வெள்ளியில் அங்கங்கே பழுப்பு மச்சம் விழுந்திருக்கும். மேல் மூடியின் பித்தளை ஒரே சீராகக் கறுக்காமல், கைபட்ட இடம் ஒரு மாதிரி, படாத இடம் ஒரு மாதிரி இருக்கும். எல்லா உருண்டையும் ஒரே அளவில் ஒரே அழுக்கோடு வரிசையாக இருந்தால் சிரித்துவிட்டு நகர்ந்துவிடலாம். வாங்கியதைத் தண்ணீரில் கழுவக் கூடாது. மூடி வழியாக ஈரம் உள்ளே போனால் வெள்ளிப் பூச்சு உரிந்துவிடும். சின்னப் பீங்கான் பொம்மைகளின் அடியில் 'மேட் இன் ஆக்குபைடு ஜப்பான்' என்ற முத்திரை இருந்தால், அது போர் முடிந்து அமெரிக்கப் படைகள் ஜப்பானில் இருந்த காலத்தது. 1952-க்குப் பிறகு அந்த முத்திரை இல்லை.

சட்டத்தையும் ஒரு வார்த்தை. நூறு ஆண்டு தாண்டிய கலைப்பொருளும், 75 ஆண்டு தாண்டிய முக்கியமான கையெழுத்துப் பிரதியும் 1972-ம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள். தனியார் அவற்றை வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. அமெரிக்காவில் இருக்கும் மகனுக்குப் பார்சல் போடும் முன் யோசிக்க வேண்டும். பெட்ரோமாக்ஸின் பழைய மேண்டில் துணுக்குகளையும் கையால் நொறுக்க வேண்டாம். அதில் தோரியம் இருக்கும், தூளைச் சுவாசிப்பது நல்லதல்ல.

வெள்ளையடிக்கும் வாரம்

எப்போது தேடுவது? தென்காசிப் பக்கக் கிறிஸ்தவ வீடுகளில் பண்டிகைக்கு முன் வெள்ளையடிப்பார்கள். இப்போது பெயின்ட். சாமான்களையெல்லாம் முற்றத்துக்கு இறக்கி, பரணைத் துடைத்து, வேண்டாததைக் கழிப்பார்கள். டிசம்பர் முதல் இரண்டு வாரங்களில்தான் பழைய கிறிஸ்துமஸ் வீட்டைவிட்டுக் கிளம்புகிறது. புதிய கிறிஸ்துமஸுக்கு இடம் விட்டுத்தான் கிளம்புகிறது என்பதில்தான் வேதனை. பொங்கலுக்கு மற்ற வீடுகள் வெள்ளையடிக்கும்போது இன்னொரு சுற்று வரும்.

சென்னையிலோ பெங்களூரிலோ வேலை பார்க்கும் பேரப்பிள்ளைகள் வீட்டுக்கு வருவது 23-ம் தேதியோ 24-ம் தேதியோ. வந்து, இன்ஸ்டாகிராமில் போடுவதற்காகத் தாத்தாவின் பவனி விளக்கைக் கேட்பார்கள். அது பத்து நாள் முன்பே எடைக்குப் போயிருக்கும். வீட்டில் யாரும் வேண்டுமென்று செய்ததில்லை. கேட்க ஆள் இல்லாத பொருள், இடத்தை அடைத்துக்கொண்டிருந்தது, அவ்வளவுதான்.

நவம்பர் கடைசியில் வீட்டுக்கு ஒரு போன் போதும். பரணில் என்ன இருக்கிறது என்று போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லலாம். பாட்டி விளக்கைப் பார்த்துச் சொல்லும் கதையை வாய்ஸ் மெசேஜாகப் பதிவு செய்யலாம். எந்த வருடம் வாங்கியது, யார் தலையில் தூக்கியது, எந்தத் தெருவில் காற்று போய் நின்றது, யார் பம்ப் அடித்தது. பொருளை வைத்துக்கொள்ள இடமில்லாமல் கடைசியில் கொடுத்துவிட்டாலும் அந்தப் பதிவு இருக்கும்.

தெருவில் ஆட்டோ வரும் சத்தம் கேட்கிறது. ஸ்பீக்கரில் பதிவு செய்த குரல்: பழைய இரும்பு, பித்தளை, பழைய பேப்பர், உடைஞ்ச பிளாஸ்டிக் சாமான். முற்றத்தில் பாதி அடித்த சுவர், ஈரப் பெயின்ட் வாசனை. திண்ணையில் பழைய தினசரிக் கட்டுக்குப் பக்கத்தில் பெட்ரோமாக்ஸ். கண்ணாடி இல்லை. டேங்கில் புள்ளி புள்ளியாக ஒரு பெயர் மட்டும் இன்னும் தெரிகிறது.